‘ப்ளீஸ்’ போட்டுக் கேளுங்கள்

கேள்வி: பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இசை இருவர் குழு தங்கள் முதல் ஆல்பத்துக்கு ‘ப்ளீஸ்’ என்று ஏன் பெயர் வைத்தது? இன்றைக்குக் கேட்டாலும் பிடிக்குமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: கடைக்குப் போகிறவர், ‘பெட் ஷாப் பாய்ஸ் ஆல்பம் கொடுங்க, ப்ளீஸ்’ என்று கேட்டாக வேண்டும், அந்தக் குறும்புதான்! வந்தது 1986-ல். இருவரில் பாடகர் நீல் டெனன்ட் அதற்குமுன் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்ற பாப் பத்திரிகையில் வேலை பார்த்தவர் (பத்திரிகைக்காரனும் உருப்படலாம்), இன்னொருவர் கிறிஸ் லோ கட்டடக்கலை படித்தவர்; 1981-ல் லண்டனில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் தற்செயலாகப் பேச்சுக் கொடுத்ததில் ஆரம்பித்த கூட்டணி இது. அட்டையைப் பார்த்தீர்களா? வெள்ளை வெளேரென்று காலி, நடுவில் தபால்தலை மாதிரி ஒரு குட்டிப் படம், அதில் இருவர் கழுத்திலும் துண்டு.

இந்த ஆல்பத்தில் உள்ள ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாட்டை 1984-லேயே நியூயார்க்கின் இசைத் தயாரிப்பாளர் பாபி ஆர்லாண்டோவோடு பதிவு செய்து வெளியிட்டார்கள், பிரிட்டனில் எடுபடவில்லை. அப்புறம் ஸ்டீபன் ஹேக் என்ற வேறொரு தயாரிப்பாளரை வைத்து வேகத்தைக் குறைத்து மறுபடி செய்ததும் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம். டெனன்ட் அதில் பாதி பாடவே மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்கிற குரலில் பேசிக்கொண்டே போவார், அடியில் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் கனத்த கீழ்ஸ்தாயி ஒலி (பேஸ்) நடந்துகொண்டே இருக்கும்.

சரி, பிடிக்குமா? டிரம் சத்தம் சில இடங்களில் டப்பா தட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஆட வைத்துக்கொண்டே லேசாக மனதைக் கனக்க வைக்கிற வித்தை இவர்களுக்கு முதல் ஆல்பத்திலேயே கைவந்துவிட்டது. ஹெட்போன் போட்டு, இரவில் கேளுங்கள்.