வல்லத்தில் கேட்ட ஆட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கீழக்கரைக்காரன். ஒன்பது வருடமாக தோஹாவில் சபராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன். நம் கடற்கரையில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளை உள்ளூர் வானொலி நேரடியாக வர்ணனை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு சந்தேகம். ஆட்டம் படத்தோடு கைபேசியிலேயே வந்துவிடுகிறது, வானொலியை யார் கேட்கப்போகிறார்கள்? அப்புறம், ஊருக்கு ஊர் ஆட்டம் என்றாலே சில நேரம் கைகலப்பில் முடிகிறது. வானொலியும் ‘நம்ம ஊரு, நம்ம டீம்’ என்று பேச ஆரம்பித்தால் பகை இன்னும் வளராதா?

அன்புள்ள தம்பி,

போன மே மாதம் தங்கச்சிமடத்தில் என் மாமாவோடு வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், கடலுக்குப் போயிருந்தேன். தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்கள் பக்கம் போட்டிகள் வைப்பதும் அப்போதுதான். ஆனால் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, மாமா தொழிலுக்குப் போயே ஆக வேண்டும். அவர் பேரன் அன்று கரையில் ஆடிக்கொண்டிருந்தான். கைபேசியை பாலிதீன் பையில் சுற்றி ஆணியில் மாட்டியிருந்தார். அதில், கரையில் கோட்டோரம் நின்ற ஒரு பையன், “கார்னர் தாத்தா… தூக்கிட்டான்… ஐயோ, மேல போயிருச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மாமாவின் இரண்டு கையும் வலையில். அந்த வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் பார்க்க முடியாது. நடுவில் சிக்னல் போய்விட்டது. கரைக்கு வந்ததும் யாரோ “ரெண்டுக்கு ஒண்ணு, ஜெயிச்சாச்சு” என்றார்கள். மாமா கேட்டது, “எந்தக் கால்ல அடிச்சான்?”

எண்ணிக்கை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மாமாவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பையனின் குரல். “இந்தப் பாதி கச்சானை எதிர்த்து ஆடுறாங்க” என்று அவன் சொன்னபோது, பந்து எந்தப் பக்கம் இழுக்கும் என்று மாமாவுக்குப் புரிந்துவிட்டது. கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று. அதே கச்சானுக்காகத்தானே அவர் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலை விட்டு பாக் நீரிணைப் பக்கத்து வடகடலில் வலை போட்டிருந்தார். தொலைக்காட்சி வர்ணனையாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வார்த்தை அவர் வாயில் வராது.

இனி பகை பற்றி. இங்கிலாந்தின் வடகிழக்கில், டீஸ் ஆற்றங்கரையில் மிடில்ஸ்பரோ என்று ஓர் ஊர். பழைய கணக்கில் அது யார்க்‌ஷயர். 1974-இல் கிளீவ்லாந்து என்று புது மாவட்டம் ஆக்கினார்கள், 1996-இல் அதையும் கலைத்தார்கள். 1970 டிசம்பர் 31 அன்று ரேடியோ டீஸ்சைடு என்ற பெயரில் தொடங்கிய பிபிசியின் உள்ளூர் நிலையம், 1974-இல் ரேடியோ கிளீவ்லாந்து ஆனது. மாவட்டமே இல்லாமல் போன பிறகும் பதினோரு வருடம் அந்தப் பெயரை வைத்திருந்துவிட்டு, 2007-இல்தான் பிபிசி டீஸ் ஆனது. நிலையத்துக்குக் கடைசியில் நிலைத்தது ஆற்றின் பெயர். ரசாயன ஆலைகளும் இரும்பாலைகளும் விட்ட புகையை வைத்து, பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களை ‘ஸ்மாகி’ என்று கேலி செய்தார்கள். இன்று அந்த ஊர் ரசிகர்கள் தங்களையே அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒரு பெயர் உண்டே, தண்ணியில்லாக் காடு. 1985-இல் விருதுநகரும் சிவகங்கையும் பிரிந்துபோன பிறகும் என் அப்பா கடைசிவரை ‘ராம்நாடு ஜில்லா’ என்றுதான் சொன்னார். எல்லையை அரசாங்கம் போடுகிறது. ‘நம்ம’ என்பதற்குள் யார் யார் அடக்கம் என்பது மட்டும் தினமும் காதில் விழும் பேச்சில்தான் முடிவாகிறது.

அதனால்தான் வானொலி வேண்டும் என்கிறேன். மைதானத்து மைக் போட்டி நடத்தும் ஊருக்குச் சொந்தம், அது அந்த ஊருக்காகத்தான் பேசும். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி இருக்கிறது. சமுதாய வானொலிக்கு 100 வாட் சக்திதான், சுமார் 10 கிலோமீட்டர் எட்டும். அந்த வட்டத்துக்குள் மண்டபமும் இருக்கிறது, தங்கச்சிமடமும் இருக்கிறது. அப்படி ஒரு நிலையத்திலிருந்து பேசுகிறவர் ஜெயித்த ஊருக்கும் தோற்ற ஊருக்கும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும். தோற்ற ஊர்ப் பையன் நன்றாக ஆடியதை அவன் அம்மா அடுப்படியில் நின்று கேட்பாள்.

உங்கள் பயம் ஒரு இடத்தில் சரி. நிலையம் ஒரே ஊர்க்காரர் கையில் இருந்து, அவர் மட்டுமே பேசினால் கெட்டுப்போகும். அதற்கு என் யோசனை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குரல், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து. பாம்பன் அலை கீழக்கரைக்கு எட்டாது, உங்கள் ஊருக்குத் தனி நிலையம்தான் வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஆட்டத்தை ஒலிப்பதிவு செய்து கைபேசியில் அனுப்பலாம் என்று நண்பர்களோடு பேசியிருக்கிறேன். பெரியபட்டினத்துக்கு ஒரு ஆசிரியர் ஒத்துக்கொண்டுவிட்டார். கீழக்கரைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த தடைக்காலத்தில் விடுமுறை கிடைத்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்