கேமும் பாடமும் ஒரே லேப்டாப்பில்: எந்த லினக்ஸ்?

கேள்வி (பாலக்கோடு): பையன் பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ். பாடத்துக்கும் வேண்டும், கேமும் ஆட வேண்டும் என்கிறான். எதைப் போடலாம் சார்?

லினக்ஸ் மின்ட், சினமன் பதிப்பு. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் இது. மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் வரும், கல்லூரிப் படிப்புக்குள்ளும் கூடவே வரும். பதினொன்றில் படிக்கும் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு ஒரே கட்டளையில் கம்பைலர் ஏறிவிடும்; அடுத்த வருடத்துப் பைத்தான் அதிலேயே இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்பு, அவன் ஆடும் கேம்களின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இருந்தால் எந்த லினக்ஸைப் போட்டாலும் ஓடாது. ஏமாற்று ஆட்டத்தைப் பிடிக்க அவை வைத்திருக்கும் காவல் மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. ஜிடிஏ 5இல் கதைப் பகுதி ஓடும். ஆன்லைன் பகுதி லினக்ஸில் 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, மைன்கிராஃப்ட் ஜாவா நேரடியாகவே ஓடும். மற்ற விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவற்றை, கேம் விற்கும் ஸ்டீம் செயலியில் இருக்கும் புரோட்டான் என்ற மென்பொருள் ஓட்டித்தரும். எது எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே புரோட்டான்டிபி தளத்தில் எழுதியிருப்பார்கள். அங்கே பார்க்காமல் காசு கொடுத்துக் கேம் வாங்க வேண்டாம்.

கேள்வி (ஓசூர்): என்விடியா கார்டு இருக்கிறது அண்ணா. மின்ட் போட்டேன், டிரைவரும் போட்டேன். கேம் திக்கித் திக்கி ஓடுகிறது.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பூட்டு) போட்டபடி இருக்கிறதா பாருங்கள் தம்பி. இருந்தால், டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்திருக்கும். சில நொடிதான் நிற்கும். பலர் வைரஸ் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். அங்கே ஏதாவது ஒரு கீயை அழுத்தி, 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து, இன்ஸ்டால் செய்யும்போது வைத்த பாஸ்வேர்டைத் தர வேண்டும். தராவிட்டால் டிரைவர் டிஸ்க்கில் கிடக்கும், வேலை செய்யாது. இதற்காக டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் வகையை, மாற்ற வேண்டியதில்லை. கேம் மட்டும்தான் முக்கியம் என்றால் பாசைட் நல்லது. ஃபெடோரா என்ற லினக்ஸை வைத்துக் கேமுக்கென்றே செய்தது. படிப்பு வேலையும் இருந்தால் மின்ட்டிலேயே இருங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டினம்): விண்டோஸையும் வைத்துக்கொள்ளலாமா? மகளின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

வைத்துக்கொள்ளலாம்மா. போட்டோக்களை முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அது கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். பிறகு பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி வைஃபை, சவுண்ட், டச்பேட் வேலை செய்கிறதா என்று ஒரு மாலை முழுக்கப் பாருங்கள்.

கேள்வி (பென்னாகரம்): நான் ஆசிரியை. தமிழ்99 விசைப்பலகையில் தட்ட வேண்டும். பழைய வினாத்தாள்கள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன.

தட்டுவதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், கூடவே தமிழ்99 அடங்கிய எம்17என் தொகுப்பு. மெய்யெழுத்துப் புள்ளி தானாக விழும் டீச்சர். வினாத்தாள்களுக்கு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து நிறுவினால் லிப்ரே ஆஃபிஸில் சரியாகத் தெரியும். புதிதாகத் தட்டுவதை யூனிகோடிலேயே தட்டுங்கள்.

கேள்வி (அரூர்): அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப், 2 ஜிபி ரேம்.

மின்ட்டின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். முடிந்தால் ரேமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். பாடத்துக்குத் தாராளம், பெரிய கேம் ஓடாது.