லாபின் எழுச்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போருக்குப் பிந்தைய இத்தாலியைப் பற்றிய தங்கள் கட்டுரையில் 'லாபின் குடியரசு' என்று ஒரு வரி வருகிறது. கூலிக்காகத் தொடங்கி முப்பத்தேழு நாட்களில் அடங்கிப்போன ஒரு வேலைநிறுத்தத்தை அப்படிச் சொல்வது மிகையல்லவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மிகை என்று எனக்குத் தோன்றவில்லை. 1920 நவம்பரில் ராப்பல்லோ ஒப்பந்தத்தின்படி இன்று பெரும்பாலும் குரோவாசியாவில் இருக்கும் இஸ்திரியா தீபகற்பம் முறைப்படி இத்தாலியின் கைக்குப் போனது. அங்கே லாபின் நகரைச் சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்களில் குரோவாசியர், ஸ்லோவீனியர், இத்தாலியர், செக்கர், ஜெர்மானியர் என ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வேலை செய்தார்கள். கூலித் தகராறு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் 1921 மார்ச் 1 அன்று அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவர் ஜொவான்னி பிப்பானைப் பாசின் ரயில் நிலையத்தில் பாசிஸ்டுகள் தாக்கிய செய்தி கேட்டபிறகே, மறுநாள் லாபினை அடுத்த வினேஜில் கூடிய தொழிலாளர்கள் சுரங்கங்களைக் கைப்பற்றி, அவற்றைக் காக்கச் செங்காவலர் என்ற தொழிலாளர் படையை அமைத்தார்கள். பாசிஸ்டுகளின் தலைவர் முசோலினி ஆட்சிக்கு வர இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தது.

தாங்கள் கவனிக்கவேண்டிய நாள் மார்ச் 21. கூலி மட்டுமே குறி என்றால், கரியை நிலத்தடியிலேயே விட்டுவிட்டு நிர்வாகம் இறங்கிவரும்வரை காத்திருந்திருக்கலாம். இவர்களோ அன்று நிர்வாகம் இல்லாமல் தாங்களே கரி வெட்டத் தொடங்கினார்கள். சுரங்கம் பஞ்சாலையைப்போலப் பூட்டிவிட்டுப் போகக்கூடிய இடமல்ல. ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும், உள்ளே காற்று ஓடவேண்டும், முட்டுக்கட்டைகள் கூரையைத் தாங்குகின்றனவா என்று ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பார்க்கவேண்டும். வெளியே துப்பாக்கியோடு காவல் நின்றபடி உள்ளே இத்தனையையும் நடத்தியவர்கள், 'கோவா யே நாஷா', அதாவது 'சுரங்கம் நம்முடையது' என்று முழங்கியதை வெறும் கோஷமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மொழியால் பிரித்து மோதவிடுவது பாசிஸ்டுகளின் அன்றாட வேலையாக இருந்த ஒரு நிலப்பகுதியில் அந்த 'நம்' என்பதற்குள் இத்தனை இனத்தவர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏப்ரல் 8 அன்று ராணுவம் சுரங்கங்களைத் தாக்கிப் பிடித்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் கைதானார்கள். இஸ்திரியாவின் பூலா நகர நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சுமத்திய குற்றங்களுள் ஒன்று, இவர்கள் சோவியத் முறையிலான ஆட்சியை நிறுவினார்கள் என்பது. ஆக, இதை வெறும் வேலைநிறுத்தமாக அரசே கருதவில்லை. இருந்தும் அவ்வாண்டு டிசம்பரில் ஜூரிகள் அவர்களை விடுதலை செய்தார்கள். பாசிஸ்டுகளின் கை அதற்குள் ஓங்கியிருந்த பூலாவில் அத்தீர்ப்பை வழங்க அந்த ஜூரிகளுக்கும் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.