ஜெல் வைத்தால் ஆபரேஷன்தானா?

கேள்வி: கேரளாவின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வயது 25, முதல் பிரசவம். 40 வாரம் 4 நாள் ஆகிவிட்டது, இன்னும் வலி வரவில்லை. உள்ளே பரிசோதித்த டாக்டர், கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை, 41 வாரத்தில் அட்மிட் ஆகுங்கள், ஜெல் வைக்கலாம் என்கிறார். ஜெல் வைத்தால் கடைசியில் ஆபரேஷன்தான் என்று அத்தை பயப்படுகிறார். பொள்ளாச்சியில் இருக்கும் அம்மா விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார். நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் மிசோப்ரோஸ்டால் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்களாம், அதை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா? எனக்கு வீசிங் வேறு இருக்கிறது.

பதில்: முதலில் அந்த மாத்திரை. வீட்டில் போடவே கூடாது.

மிசோப்ரோஸ்டால் முதலில் வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து. நிறைமாதத்தில் வலி வர வைக்க ஒரு தடவைக்கு 25 மைக்ரோகிராம்தான் கொடுப்போம், கடையில் சாதாரணமாக இருப்பதோ 200 மைக்ரோகிராம் மாத்திரை, அதாவது எட்டு மடங்கு. பிளேடு வைத்து எட்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் ஒரே அளவு மருந்து இருக்காது. அளவு கூடினால் கர்ப்பப்பை விட்டு விட்டு இறுகுவதற்குப் பதிலாக விடாமல் இறுகும்; 10 நிமிடத்தில் 5 தடவைக்கு மேல் இறுகினால் குழந்தைக்கு ரத்தம் போவது குறைந்து இதயத்துடிப்பு இறங்கலாம். லேபர் ரூமில் இருந்தால் அதைக் கண்டுபிடித்து இறுக்கத்தைத் தளர்த்த ஊசி போடுவார்கள். பாலக்காட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் யார் பார்ப்பது? அதே மருந்தை 25 மைக்ரோகிராம் அளவில் ஆஸ்பத்திரியில் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாகக் கொடுப்பது உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் முறை.

இனி ஜெல். முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் நீளமாக, மூடி, மூக்கு நுனி மாதிரி கெட்டியாக இருக்கும். பிரசவத்துக்கு முன்னால் அது மிருதுவாகி, நீளம் குறைந்து, கொஞ்சம் விரிய வேண்டும். உங்கள் டாக்டர் உள்ளே பரிசோதித்துப் பார்த்தது இதைத்தான்: எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு நீளம் குறைந்திருக்கிறது, கெட்டியா மிருதுவா, முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. இந்த ஐந்துக்கும் மதிப்பெண் போட்டால் வருவதுதான் பிஷப் ஸ்கோர், மொத்தம் 13. அது 6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நேராக வலி வர வைக்கும் ட்ரிப்ஸ் போடுவதில் பெரிய பயன் இல்லை, வாயை முதலில் பக்குவப்படுத்த வேண்டும். உங்கள் ஸ்கோர் எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள், உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தமிழில் கேட்டாலே புரியும்.

அப்படிப் பக்குவப்படுத்தத்தான் ஜெல். அதில் இருப்பது டைனோப்ரோஸ்டோன் என்ற மருந்து, 0.5 மில்லிகிராம். வைத்த பிறகு அரை மணி நேரம் படுத்திருக்கச் சொல்வார்கள். 6 மணி நேரம் கழித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி வைப்பார்கள், 24 மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று தடவை. சிலருக்கு மருந்துக்குப் பதிலாக ஃபோலி என்ற பலூன் குழாயை கர்ப்பப்பை வாய் வழியே உள்ளே விட்டு அதன் பலூனில் நீர் நிரப்புவார்கள், வாய் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்ததும் அது தானாக வெளியே வந்துவிடும். அதில் கர்ப்பப்பை அதிகமாக இறுகும் தொல்லை குறைவு.

வீசிங் இருப்பவர்களுக்கு டைனோப்ரோஸ்டோனைக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும், அதனால் அட்மிஷனின்போதே சொல்லுங்கள், இன்ஹேலரையும் எடுத்துப் போங்கள். பலூன் போதுமா என்று அவர்களே யோசிப்பார்கள்.

அத்தையின் பயத்துக்கு வருவோம். ஜெல் வைத்தவர்களில் சிலருக்கு ஆபரேஷன் ஆகிறது, உண்மைதான், ஆனால் ஜெல் வைக்காமல் காத்திருந்தவர்களுக்கும் ஆகிறது. அமெரிக்காவில் சிக்கல் இல்லாத முதல் பிரசவப் பெண்கள் 6,000 பேருக்கு மேல் வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், 39 வாரத்தில் வலி வர வைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம் பேருக்கும் சிசேரியன் ஆனது. ஆபரேஷன் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், உங்கள் வீட்டாருக்கும் டாக்டருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் பிரசவத்தில் ஜெல் வைத்ததிலிருந்து குழந்தை பிறக்க ஒன்றரை, இரண்டு நாள்கூட ஆகலாம். மறுநாள் காலையிலேயே "இன்னும் ஒன்றும் ஆகலையே, எடுத்துடுங்க டாக்டர்" என்று வராந்தாவில் நின்று கேட்கிற சொந்தக்காரர்களால் நடக்கும் ஆபரேஷன்களும் உண்டு. தாயும் சேயும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைத்து, வலி வர வைக்கும் ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ் ஓட ஆரம்பித்து 12 மணி நேரமாவது பார்க்காமல் "முயற்சி தோற்றது" என்று முடிவுகட்டக் கூடாது.

விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றியதுதான் மிச்சமாகும்.

41 வாரத்துக்கு மேலே தள்ளிப்போடாதீர்கள். அதற்கப்புறம் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து, சிறிய அளவில்தான் என்றாலும், ஏறிக்கொண்டே போகிறது. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் தாளைத் தேடி வையுங்கள், வாரக்கணக்கு சரியா என்பதை அதை வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும். அதுவரைக்கும் குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ அட்மிஷன் தேதி வரட்டும் என்று இருக்காமல் அப்போதே கிளம்பிவிடுங்கள், நடுராத்திரியாக இருந்தாலும்.