உலகக் கோப்பைக் கேள்வி பதில்: ஜூன் 11 எப்போது வரும்?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி 2026 கால்பந்து உலகக் கோப்பையைப் பற்றியவைதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் கால்பந்துக்கே கொடுத்துவிட்டேன்.

32 அணிகள் இருந்தபோதே சில ஆட்டங்கள் சப்பென்று இருந்தன. இப்போது 48 அணிகள், 104 ஆட்டங்கள். உலகக் கோப்பையின் தரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள்?
(30 வருடமாகக் கால்பந்து பார்க்கும் வாசகர்)

நான் அப்படி நினைக்கவில்லை. 1982இல் 16 அணிகள் 24 ஆனபோதும், 1998இல் 24 என்பது 32 ஆனபோதும் இதே புலம்பல்தான் கேட்டது. ஆனால் 1998இல் முதல்முறையாக வந்த குரோஷியா மூன்றாம் இடம் பிடித்தது, 2002இல் முதல்முறையாக வந்த செனகல் கால் இறுதி வரை போனது.

அந்த செனகல் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2002 மே 31, தொடக்க ஆட்டம், எதிரே நடப்பு சாம்பியன் பிரான்ஸ். 30ஆவது நிமிடத்தில் பாப்பா பூபா தியோப் விழுந்தபடியே பந்தை வலைக்குள் தள்ளிவிட்டு, ஜெர்சியைக் கழற்றி மைதானத்தின் மூலையில் விரித்துப் போட்டார். அதைச் சுற்றி நின்று மொத்த அணியும் ஆடியது. பிரான்ஸ் அந்தத் தொடரில் ஒரு கோல்கூட அடிக்காமல் வீடு திரும்பியது. தியோப் 2020இல் இறந்துவிட்டார். இந்த முறை பிரான்சும் செனகலும் மறுபடி ஒரே குரூப்பில் இருக்கின்றன, இரண்டுக்கும் அதுதான் முதல் ஆட்டம், ஜூன் 16. எனக்கு அந்தத் தேதிக்கு வேறு எந்த வேலையும் கிடையாது.

சின்ன அணிகள் உள்ளே வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் வேறு இடத்தில், அடுத்த கேள்வியில் இருக்கிறது.

மூன்றாம் இடம் பிடித்தாலும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்கிறார்களே, அது எப்படி? எத்தனை முறை படித்தும் புரியவில்லை.
(கல்லூரி மாணவி)

கணக்கு எளிதுதான். 12 குரூப், ஒவ்வொன்றிலும் 4 அணி. முதல் இரண்டு இடம் பிடிக்கிற 24 அணிகள் நேராகப் போய்விடும். மூன்றாம் இடத்தில் இருக்கிற 12 அணிகளைத் தனியாக ஒரு பட்டியல் போட்டு, புள்ளி, அப்புறம் கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது), அப்புறம் அடித்த கோல்கள் என்று பார்த்து மேலே இருக்கிற 8 பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆக 32. குரூப் சுற்றில் 72 ஆட்டம் ஆடி வெளியே போவது 16 அணிகள் மட்டும்தான்.

இதில் நல்லதும் உண்டு. 1990இல் அர்ஜென்டினா முதல் ஆட்டத்திலேயே கேமரூனிடம் 1-0 என்று தோற்று, குரூப்பில் மூன்றாவதாக வந்து, கடைசியில் இறுதி ஆட்டம் வரை போனது. 1994இல் இத்தாலியும் அப்படித்தான். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையில், 2016இல், போர்ச்சுகல் குரூப்பின் மூன்று ஆட்டங்களையும் டிரா செய்து மூன்றாவதாக வந்து கோப்பையையே தூக்கிவிட்டது. ஆகையால் உங்கள் அணி முதல் ஆட்டத்தில் தோற்றால் டிவியை அணைத்துவிடாதீர்கள்.

ஆனால் ஒரு அநியாயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1982இல் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது. அந்தக் குரூப்பின் கடைசி ஆட்டம் மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும். அல்ஜீரியா தன் ஆட்டங்களை முந்தின நாளே முடித்துவிட்டதால், ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு பேருமே உள்ளே போகலாம் என்பது இருவருக்கும் தெரியும். 10ஆவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதற்கப்புறம் ஸ்பெயினின் கிகோன் நகர மைதானத்தில் நடந்ததற்கு ஆட்டம் என்று பெயர் சொல்ல முடியாது, பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். அல்ஜீரியா வெளியே போனது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான், 1986 முதல், ஒரு குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இப்போது மூன்றாம் இடக் கணக்கால் அந்த ஓட்டை பின்பக்கமாகத் திறந்துவிட்டது. ஏ குரூப் ஜூன் 24ஆம் தேதியே முடிந்துவிடும், அங்கே மூன்றாவதாக வருகிற அணி கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டும். கடைசி நாளான 27ஆம் தேதி ஆடுகிறவர்களுக்கோ எத்தனை புள்ளி போதும், எத்தனை கோல் போதும் என்பது ஏறக்குறைய முன்பே தெரிந்திருக்கும். அந்தக் கடைசி நாளில் ஆடப்போகிற ஒரு ஜோடி யார் தெரியுமா? அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும். இருவரும் முழு மனதோடு ஆடுவார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் ஒரு டிரா இரண்டு பேரையும் கரையேற்றும் என்ற நிலை வந்தால், அவர்கள் கால்களில் எந்த அவசரமும் இருக்காது, அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விதியை வகுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். 16 குரூப், தலா 3 அணி என்று முதலில் வைத்திருந்த திட்டத்தைக் கைவிட்டது நல்ல முடிவு, அது இதைவிட மோசமாக இருந்திருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யார் ஜெயிப்பார்கள்? சுற்றி வளைக்காமல் ஒரே பெயர் சொல்லவும்.
(நண்பர்களோடு பந்தயம் கட்டியிருப்பவர்)

ஸ்பெயின். 2024 யூரோவை அவர்கள் ஜெயித்த விதம், நடுக்களத்தில் பந்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதம், இரண்டு ஓரங்களிலும் இருக்கிற வேகம், எல்லாவற்றையும் வைத்துத்தான் சொல்கிறேன். அர்ஜென்டினா ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கோப்பையைத் தொடர்ந்து இரண்டாவது முறை தக்கவைத்த அணி 1962 பிரேசிலுக்குப் பிறகு யாருமே இல்லை. அதோடு 2002இல் பிரான்ஸ், 2010இல் இத்தாலி, 2014இல் ஸ்பெயின், 2018இல் ஜெர்மனி என்று நடப்பு சாம்பியன்கள் குரூப் சுற்றிலேயே வெளியேறிய கதையும் இருக்கிறது. பந்தயத்தில் பணம் வைத்திருந்தால் மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

நான் ஆதரிக்கும் அணி தகுதி பெறவில்லை. எல்லாரும் உற்சாகமாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஒட்டவே இல்லை. யாருக்காகப் பார்ப்பது?
(மனம் வெறுத்துப்போன ரசிகர்)

உங்கள் வருத்தம் நியாயமானது, இன்னும் நாலு வருடம் என்பது சின்னக் காலம் இல்லை. ஆனால் உங்களுக்குக் கொஞ்ச நாளைக்கு ஒரு அணியைக் கடன் கொடுக்க ஆசைப்படுகிறேன், எனக்குப் பிடித்த சிலரைச் சொல்கிறேன், தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேப் வெர்டே. அட்லாண்டிக் கடலில் பத்துத் தீவுகள், மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். தகுதிச் சுற்றில் கேமரூனைப் பின்னுக்குத் தள்ளிக் குரூப்பில் முதலிடம் பிடித்தார்கள். முதல் உலகக் கோப்பையிலேயே ஸ்பெயின், உருகுவே இருக்கிற குரூப்பில் மாட்டியிருக்கிறார்கள், குருவி தலையில் பனங்காய்தான், இருந்தாலும் பயப்படுகிற அணியாகத் தெரியவில்லை.

அடுத்தது குராசாவ். கரீபியன் தீவு, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர். உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே மிகச் சிறிய மக்கள்தொகை இதுதான். ஜமைக்காவில் போய் டிரா செய்தால் போதும் என்ற கடைசி ஆட்டத்தில், ஜமைக்கா அடித்த பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது, ஆட்டத்தின் கடைசியில் சேர்த்த நிமிடங்களில் ஜமைக்காவுக்குக் கொடுத்த பெனால்ட்டியை நடுவர் திரையில் பார்த்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 0-0. அந்தக் கடைசி நிமிடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அணியை விட்டுப் பிரிய முடியாது.

ஹைட்டி 1974க்குப் பிறகு இப்போதுதான் வருகிறது. நாட்டில் வன்முறை காரணமாக, தகுதிச் சுற்றில் ஒரு ஆட்டத்தைக்கூட சொந்த மண்ணில் ஆட முடியாமல் வெளிநாட்டு மைதானத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டு ஜெயித்தவர்கள். சொந்த ரசிகர்களின் சத்தம் இல்லாமலே இவ்வளவு தூரம் வந்த அணிக்கு நாம் எங்கிருந்தாவது சத்தம் கொடுக்கலாம்.

அப்புறம் ஸ்காட்லாந்து. 28 வருடக் காத்திருப்பு. 2025 நவம்பரில் டென்மார்க்குடன் ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம், மூன்றாவது நிமிடத்தில் மக்டோமினே அந்தரத்தில் தலைகீழாகப் பறந்து ஒரு கோல் அடித்தார், டென்மார்க் இரண்டு முறை சமன் செய்தது. 90 நிமிடம் முடிந்தும் 2-2. அதற்குமேல் சேர்த்த நிமிடங்களில் ஸ்காட்லாந்தின் டியர்னி தூரத்திலிருந்து வளைத்து அடித்த பந்து உள்ளே போனது. அதோடு முடியவில்லை. டென்மார்க் கோல்கீப்பர் முன்னேறி நின்றதைக் கவனித்த மக்லீன், மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார். அது போய்ச் சேருவதற்குள் மொத்த அரங்கமும் எழுந்துவிட்டது. 4-2. இதுவரை ஆடிய எந்த உலகக் கோப்பையிலும் அவர்கள் குரூப் சுற்றைத் தாண்டியதில்லை.

நார்வேயும் 1998க்குப் பிறகு வருகிறது, ஆனால் 8 தகுதி ஆட்டங்களையும் ஜெயித்து, எர்லிங் ஹாலண்ட் என்ற ஒரே வீரர் மட்டும் 16 கோல் அடித்திருக்கிற அணிக்கு உங்கள் அனுதாபம் தேவைப்படாது.

மெஸ்ஸி, ரொனால்டோ இருவரில் யார் கடைசியாகச் சிரிப்பார்கள்?
(இரண்டு அண்ணன்களுக்கு நடுவில் மாட்டியவர்)

இரண்டு பேரும் 2006இல் தொடங்கியவர்கள். இந்த முறை களம் இறங்கினால் ஆறாவது உலகக் கோப்பை, இதற்குமுன் ஆண்கள் கால்பந்தில் யாரும் ஆறு ஆடியதில்லை. மெஸ்ஸியிடம் கோப்பை இருக்கிறது, ரொனால்டோவிடம் ஐந்து உலகக் கோப்பையிலும் கோல் அடித்த ஒரே ஆண் வீரர் என்ற பெருமை இருக்கிறது. அண்ணன்கள் சண்டை போடட்டும். இவர்களைக் களத்தில் பார்க்கிற நாட்கள் இனி எண்ணிக்கையில்தான் இருக்கின்றன, ஆகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவன். 104 ஆட்டங்களையும் தூக்கம் கெட்டுப் பார்க்க முடியாது. எதை விடலாம், எதை விடவே கூடாது?
(ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்)

குரூப் சுற்றின் மூன்றாவது ஆட்டங்களை விடாதீர்கள். பெரிய அணிகள் மோதும் இரண்டாவது ஆட்டத்தை வேண்டுமானால் காலையில் சுருக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு மைதானங்களில் நடக்கிற மூன்றாவது சுற்றில் கிடைக்கிற பதற்றம் இறுதி ஆட்டத்தில்கூட எப்போதும் கிடைப்பதில்லை.

2022 டிசம்பர் 1ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஜப்பான், ஸ்பெயின். இன்னொரு பக்கம் ஜெர்மனி, கோஸ்டா ரிகா. ஜப்பானின் இரண்டாவது கோலுக்கு முன்னால், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்று எல்லாரும் நினைத்த பந்தை மிடோமா கால் நீட்டி உள்ளே இழுத்தார். மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் விளிம்பு மயிரிழை அளவுக்குக் கோட்டின் மேல் இருந்தது, கோல் செல்லும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கோஸ்டா ரிகா 2-1 என்று முன்னிலை பெற்றது. அந்தச் சுமார் மூன்று நிமிடம் முன்னாள் சாம்பியன்களான ஸ்பெயினும் ஜெர்மனியும் இரண்டுமே தொடரை விட்டு வெளியே இருந்தன! முதல் ஆட்டத்தில் ஸ்பெயினிடம் 7-0 என்று நசுங்கிய கோஸ்டா ரிகா, அடுத்த சுற்றில் இருந்தது. பிறகு ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் கோல் வித்தியாசத்தில் வெளியேறியது, ஜப்பான் முதலிடம். இரண்டு ஆட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த அன்றைக்குத் தூக்கம் போனதில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது.

பெனால்ட்டி ஷூட் அவுட் வெறும் அதிர்ஷ்டம்தானே?
(ஒரு வரிக் கடிதம்)

இல்லை. 1990, 1998, 2006 என்று மூன்று உலகக் கோப்பைகளில் ஷூட் அவுட்டில் தோற்ற இங்கிலாந்து, 2018க்கு முன்னால் அதையே ஒரு பாடமாக எடுத்துப் பயிற்சி செய்து கொலம்பியாவை ஜெயித்தது. 2022 இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் எதிரணி வீரர்களின் மனதைக் கலைத்ததும் திட்டமிட்டதுதான். எனக்கு அந்த நடத்தை பிடிக்கவில்லை, ஆனால் அது வேலை செய்தது.

முதல் ஆட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? முதல்முறையாக ஒரு உலகக் கோப்பையை முழுசாகப் பார்க்கப் போகிறேன்.
(பத்தாம் வகுப்பு மாணவர்)

ஜூன் 11, மெக்சிகோ சிட்டியில் மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும். 2010இல் இதே ஜூன் 11இல், இதே இரண்டு அணிகள்தான் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிவைத்தன, தென்னாப்பிரிக்காவின் ஷபலாலா இடதுகாலால் அடித்த அந்த கோலை ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள். 1-1 என்று முடிந்தது. இந்த முறை மைதானம் அஸ்டெக்கா, 1970இல் பெலேவும் 1986இல் மாரடோனாவும் கோப்பையைத் தூக்கிய இடம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம். காற்று லேசாக இருப்பதால் நீளமாக அடிக்கிற பந்து வழக்கத்தைவிட வேகமாகப் போகும், கோல்கீப்பர்கள் கணிப்பதில் கொஞ்சம் திணறுவார்கள். பழக்கமில்லாத வீரர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதனால் கேமரா பந்தைக் காட்டாதபோது தென்னாப்பிரிக்க டிஃபென்டர்களைப் பாருங்கள், 70ஆவது நிமிடத்துக்கு மேல் அவர்கள் முன்னேறிய பிறகு எவ்வளவு சீக்கிரம் தங்கள் இடத்துக்குத் திரும்புகிறார்கள் என்று. மெக்சிகோ தன் வேகமான ஆட்களை அந்த நேரத்துக்கென்றே பெஞ்சில் உட்காரவைத்திருக்கும் என்பது என் கணிப்பு.