பழைய கதையோடு போட்டிக்குப் போகலாமா?

வணக்கம் சார்,

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து 48 மணி நேரக் குறும்படப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். யாரும் இதுவரை படம் எடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை குலுக்கல் போட்டு ஒரு வகைமை தருவார்கள். திகில், நகைச்சுவை, எது வேண்டுமானாலும் வரலாம். கூடவே ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் கட்டாயம் படத்தில் வர வேண்டும். என்னிடம் இரண்டு வருடமாக ஒரு கதை இருக்கிறது. எந்த வகைமை வந்தாலும் அதையே கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. இது சரிவருமா? அப்புறம், கேமரா வாடகைக்கு எடுப்பதா, ஃபோனே போதுமா என்று எங்களுக்குள் ஒரே சண்டை.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபோன் போதும். கை பழகாத கேமராவை அந்த இரண்டு நாளில் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) ஷாட் நடுவே மாறாதபடி லாக் செய்ய விடும் கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஃபோனில் எடுத்தால் இரண்டிலும் ஒரே ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) இருக்கட்டும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் விளக்கொளி துடிக்காது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. ஒரு ட்ரைபாட். அவ்வளவுதான்.

கதை விஷயம் அப்படிச் சட்டென்று முடியாது. இவ்வகைப் போட்டிகளில் பேர்போனது 48 ஹவர் ஃபிலிம் புராஜெக்ட். 2001இல் வாஷிங்டனில் தொடங்கியது. அதன் விதிப்படி கடிகாரம் ஓடத் தொடங்கும் முன் குழுவைச் சேர்க்கலாம், இடம் பார்க்கலாம், கருவிகளை ஏற்பாடு செய்யலாம். கதை, வசனம் போன்ற படைப்பு வேலை எதையும் தொடக் கூடாது. உங்கள் போட்டியிலும் அப்படி ஒரு விதி இருக்கும். இருந்தால் உங்கள் யோசனை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

விதி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேண்டாம் என்பேன். இரண்டு வருடமாக மனதில் வளர்ந்த கதை நாலைந்து நிமிடத்துக்குள் அடங்காது, வெட்டவும் உங்களுக்கு மனம் வராது. அதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் கட்டாய வசனம். போட்டிப் படங்களை எல்லாம் வரிசையாகத் திரையிடும்போது அரங்கில் இருப்பவர்கள் ஒவ்வொரு படத்திலும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பார்கள். உங்கள் படத்தை மற்றவற்றோடு நேருக்கு நேர் ஒப்பிடும் இடம் அதுதான். தயார்க் கதையில் அது ஒட்டுப் போட்டது போலத் தெரியும். யாரோ வாசலைத் தாண்டும்போது போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்.

“சாவி என்கிட்ட இல்ல” என்று ஒரு வசனம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் தேடுகிறவர் சொன்னால் அது தகவல். சாவியைக் கைக்குள் மூடி வைத்திருப்பவர் சொன்னால்? ஏன் பொய் சொல்கிறார் என்று பார்க்கிறவன் கேட்கத் தொடங்கிவிடுவான். கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்பதை வகைமை முடிவு செய்யட்டும். திகில் என்றால் ஒன்று, நகைச்சுவை என்றால் வேறு. வசனம் கிடைத்ததும் இதை யார் சொன்னால் பொய்யாகும், யார் சொன்னால் வலிக்கும் என்று ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுங்கள். கதை அங்கேதான் கிடைக்கும்.

முன்கூட்டியே கொண்டுபோக வேண்டியவை இடமும் ஆட்களும். அனுமதி கிடைக்கும் இடங்களை இப்போதே பார்த்து, எந்த நேரத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று குறித்து வையுங்கள். ஒப்புதல் படிவங்களில் கையெழுத்து வாங்குவதை ஞாயிறு வரை தள்ளாதீர்கள். நடிக்க வருகிறவர்களுக்கு என்ன இயல்பாக வரும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மௌனமாக உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஒருவர், அழத் தெரிந்த மூன்று பேருக்குச் சமம்.

ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது திரைக்கதையில் வழக்கமான கணக்கு. ஐந்து பக்கத்தைத் தாண்டாதீர்கள். இரண்டு பாத்திரம், ஒரே இடம், இடைவெளி இல்லாமல் நடக்கும் கதை. நள்ளிரவுக்குள் எழுதி முடித்துவிட்டுத் தூங்குங்கள், இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலைக்குள் படப்பிடிப்பு முடிய வேண்டும். மதியத்திலிருந்தே ஒருவர் ஷாட்களை காப்பி செய்து, பெயர் கொடுத்து, அடுக்க ஆரம்பித்துவிட்டால் ராத்திரிக்குள் மெருகில்லாத முதல் தொகுப்பு ஒன்று கையில் இருக்கும். எந்த ஷாட் விட்டுப்போனது என்று அப்போது தெரிந்தால் ஞாயிறு காலையில் எடுத்துவிடலாம். ஞாயிறு மதியம் தெரிந்து பயனில்லை.

நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்காத விஷயம் ஒலி. முதல் படங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது அதில்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் பக்கத்து ஆளிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சட்டையில் மாட்டும் சின்ன லேப்பல் மைக் கிடைக்காவிட்டால் இன்னொரு ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டு, ஃபிரேமில் தெரியாமல் நடிகருக்கு அருகில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஷாட் தொடங்கும்போது ஒருவர் கை தட்டினால் ஒலியையும் படத்தையும் பிறகு பொருத்துவது எளிது. மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைப்பது படப்பிடிப்புக்காரர்களின் பழைய தந்திரம். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜைப் போட மறக்க மாட்டீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அரை நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டு விழும் இடங்களில் ஒலி திடீரென்று செத்துப்போகாமல் அதுதான் காப்பாற்றும். டப்பிங் பண்ணிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம், அதற்கெல்லாம் நேரம் இருக்காது. சினிமாப் பாட்டையும் தொடாதீர்கள், உரிமை இல்லாத இசை இருந்தால் படத்தைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடக்கூடும்.

கெடு முடிய நான்கு மணி நேரம் இருக்கும்போதே, குறையோடு இருந்தாலும் சரி, ஒரு முழுப் பிரதியை எக்ஸ்போர்ட் செய்து (தனி வீடியோ கோப்பாக எடுத்து) முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். அதன்பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றுங்கள்.

ஐந்து பேர் என்கிறீர்கள், ஆனால் எடிட்டிங் யார் என்று கடிதத்தில் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் அதை முடிவு செய்துவிடுங்கள். இயக்குநர் யார் என்ற சண்டையைக்கூட அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.