பெரட்டும் பரேட்டும்

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் உயர்தரம் முதலாம் வருடம் படிக்கிறேன். இந்தத் தவணை கடேற் (மாணவர் படைப்பயிற்சி) அணியில் எனக்கு கோப்ரல் பதவி கிடைத்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பிள்ளைகளை என்னிடம் விட்டு, ஒழுக்கம், மரியாதை, குடியுரிமை மூன்றையும் ஒரு மாதத்துக்குள் சொல்லிக்கொடுக்கச் சொன்னார் சேர். எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்கிறார்கள் இல்லை. பிந்தி வந்த இரண்டு பேரைக் கிரவலில் முழங்காலில் வைத்தேன். சேர் என்னைத்தான் ஏசினார். தண்டனை இல்லாமல் ஒழுக்கம் எப்படி வரும்? சலூட் யாருக்கு அடிப்பது என்பதிலும் குழப்பம். குடியுரிமைக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பதில்: முழங்கால் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், தம்பி. உங்கள் சேர் ஏசியது சரி. கடேற் பிள்ளை சிப்பாய் அல்ல, பாடசாலை மாணவன். 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிய காலத்திலிருந்தே இது பாடசாலைக்குள் வளர்ந்த படை. சீருடை போட்டதற்காகப் பாடசாலைச் சட்டம் விலகிப்போகாது. உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே 2005/17 சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021இல் உயர் நீதிமன்றம் அதை, சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்றே தீர்த்தது. ஆசிரியருக்கே இல்லாத உரிமை இரண்டு பட்டி போட்ட கோப்ரலுக்கு எங்கிருந்து வரும்?

இதை எழுதும் நானும் ஒரு காலத்தில் அதே தப்பைச் செய்தவன்தான். கடேற் பொறுப்பு கைக்கு வந்த புதிது. சனிக்கிழமை ஏழரைக்குப் பரேட். ஒரு பையன் ஒவ்வொரு வாரமும் கால்மணி நேரம் பிந்தி வருவான். வந்ததும் மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்ட் ஓட வைப்பேன். அவனும் வாய் திறக்காமல் ஓடுவான். நாலாவது வாரம் அவனுடைய சட்டைத் தோளில் பால் கறை இருந்தது. என்னடா என்று கேட்டேன். அம்மா விடியவே கொழுந்துக்குப் போய்விடுவாராம். தங்கச்சியைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு மேல் டிவிசனிலிருந்து இறங்கி வர அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகிறதாம். நான் செய்திருக்க வேண்டியதெல்லாம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பதுதான். அடுத்த கிழமை பரேட்டை ஏழே முக்காலுக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு அவன் பிந்தவில்லை.

ஆகவே பிந்தி வருகிறவனை அணிக்கு வெளியே நிற்க வைத்து, இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் சேரிடம் சொல்லி வழி பாருங்கள். சும்மா சோம்பல் என்றால் தப்போடு தொடர்புள்ள வேலை ஒன்றைக் கொடுங்கள்: முடிந்த பிறகு கயிறு சுற்றி வைக்கட்டும், அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து வரவுப் புத்தகத்தை அவனே பிடிக்கட்டும். மூன்றாவது தடவையும் பிந்தினால் சார்ஜன்டிடம் ரிப்போர்ட் பண்ணுங்கள். அதற்கு மேல் போகும் அதிகாரம் உங்கள் பட்டிக்கு இல்லை. இல்லாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது.

சத்தம் போட்டும் கேட்கவில்லை என்கிறீர்கள். சத்தத்துக்கும் கட்டளைக்கும் வித்தியாசம் உண்டு. கட்டளை எந்த மொழியில் வந்தாலும் அது இரண்டு துண்டு. என்ன செய்யப் போகிறோம் என்று முதல் துண்டு சொல்லும். இப்போது செய் என்பது இரண்டாவது. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே, கட்டளையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு மூளையும் அந்த இடைவெளியில்தான் தயாராகின்றன. ஒரு தடவை நீளமாகவும் ஒரு தடவை குறுகலாகவும் விட்டால் பாதிப் பேர் முந்துவார்கள், பாதிப் பேர் பிந்துவார்கள், நீங்கள் அதைக் கீழ்ப்படியாமை என்று நினைத்துக்கொள்வீர்கள். முதல் துண்டை இழுத்து, இரண்டாவதை வெட்டிச் சொல்லுங்கள். தொண்டையால் கத்தாமல் அடிவயிற்றிலிருந்து குரலை எடுங்கள். பனிமூட்டத்தில் கடைசிப் பிள்ளையின் முகமே தெரியாத காலையில் தொண்டைக் குரல் பத்தடி தாண்டாது. அப்புறம், கட்டளைக்கு நடுவே ஏச்சைக் கலக்காதீர்கள். “நேராக நில்லு, எருமை” என்றால் பிள்ளையின் காதில் எருமை மட்டும்தான் ஏறும்.

பன்னிரண்டு பேரையும் ஒரேயடியாகப் பழக்க வேண்டாம். நாலு பேர், பதினைந்து நிமிடம், ஒரே ஓர் அசைவு. குதிகால் சேர்ந்து, பெருவிரல்கள் ஏறத்தாழ முப்பது பாகை விரிந்து, கட்டைவிரல் காற்சட்டைத் தையலில், பார்வை நேராக. நீங்கள் மெதுவாகச் செய்து காட்டுங்கள், பிறகு துண்டு துண்டாக அவர்கள் செய்யட்டும். நடைக்கு நிமிடத்துக்கு 120 அடி கணக்கு, அதாவது ஒரு செக்கனுக்கு இரண்டு. சுவர்க் கடிகாரத்தின் ஒவ்வொரு டிக்குக்கும் இரண்டு தரம் கைதட்டப் பழக்கிவிட்டால் காலும் தானாக வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பரேட்டில் பிள்ளைகள் மயங்கி விழுவது. அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசை வேலை செய்வதில்லை. இரத்தம் கீழே தங்கிவிடும், தலைக்குப் போவது குறையும். வெறும் வயிறும், முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டி நிற்பதும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் ஆள் சரிவான். ஹட்டன் நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள ஊர். பயிற்சி முகாம் நடக்கிற ரந்தெம்பே மகாவலிப் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. குளிரில் வளர்ந்த நம் பிள்ளைகள் அந்த வெயிலில் முதல் நாளே துவண்டுபோவார்கள். அதனால் இங்கேயே பழக்குங்கள்: வெறும் பிளேன்டீயோடு வராமல் ரொட்டியாவது தின்றுவிட்டு வரட்டும், தண்ணீர் குடிக்கட்டும், முழங்காலைச் சற்றே தளர்த்தி நிற்கட்டும், சப்பாத்துக்குள்ளே கால்விரல்களை அழுத்தி அழுத்தி விடட்டும். வெளியே யாருக்கும் தெரியாது. கண் இருட்டினால் விழும்வரை காத்திராமல் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட வேண்டும், அது வெட்கம் அல்ல. விழுந்தவனைத் தூக்கி நிறுத்தாதீர்கள். படுக்க வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, கால்களை உயர்த்திப் பிடியுங்கள்.

சலூட் குழப்பத்துக்கு ஒரு சுருக்க வழி இருக்கிறது. தோளில் நட்சத்திரமோ அரச இலச்சினையோ இருந்தால் சலூட், அடையாளம் கையில் இருந்தால் இல்லை. அதாவது ஆணை பெற்ற அதிகாரிக்கு மட்டும். உங்கள் கடேற் பொறுப்பாசிரியர் சீருடையில் தோளில் நட்சத்திரத்தோடு நின்றால் அவருக்கும் உண்டு. கோப்ரலாகிய உங்களுக்கு யாரும் சலூட் அடிக்க வேண்டியதில்லை. சின்னவர்கள் அடித்தால் சிரிக்காமல் திருத்துங்கள். தலையில் தொப்பி இல்லாவிட்டால் கை தூக்குவதில்லை, நிமிர்ந்து நின்று “குட் மோர்னிங் சேர்” சொன்னால் போதும். கை நீண்ட வழியில் ஏறி, குறுக்கு வழியில் இறங்க வேண்டும். உள்ளங்கை முன்னால் தெரிய வேண்டும். கடற்படையில் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும், அதை டீவியில் பார்த்துவிட்டு வந்து யாராவது ஒருவன் கட்டாயம் வாதாடுவான். கவசம் போட்ட வீரர்கள் முகமூடியைத் தூக்கிக் காட்டியதில் இருந்து சலூட் வந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கம்மி. நீங்கள் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

மரியாதை சலூட்டோடு முடிவதில்லை. பரேட்டில் சார்ஜன்டை மச்சான் என்று கூப்பிடக்கூடாது, வெளியே கூப்பிடலாம். முகாமில் சாப்பாடு பரிமாறுகிறவரிடம் “ஸ்தூதி” சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் ஒருவரின் காலை மிதித்துவிட்டால் “சமாவென்ன” சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சிங்களப் பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் படுத்து எழும்பும் ஒரு வாரத்துக்கு இப்படிப் பத்து வார்த்தை போதும்.

தேசியக் கொடி ஏற்றும் முறை வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கயிற்றில் கட்டும்போதே பச்சைப் பட்டை கம்பப் பக்கம் இருக்கிறதா, சிங்கத்தின் வாள் மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழருக்குச் செம்மஞ்சள் என்று அந்த இரு பட்டைகளின் பொருளையும் அப்போதே சொல்லிவிடலாம். தேசிய கீதத்தின் தமிழ் வடிவம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே அச்சாகியிருக்கிறது. தமிழில் பாடுவது யாரோ தந்த சலுகை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் திருத்துங்கள். கீதம் ஒலிக்கும்போது அணியாக நின்றால் தலைவர் மட்டும் சலூட் அடிப்பார், மற்றவர்கள் அசையாமல் நிற்பார்கள்.

இனி குடியுரிமை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். பெரட்டு என்ற வார்த்தையைப் பலகையில் எழுதுவேன். எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. விடியற்காலை பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பது, கங்காணி கணக்குப் பார்ப்பது, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்துவிடுவது எல்லாம் லயத்துப் பிள்ளைக்குத் தெரியும். பெரட்டு என்பதே பரேட் என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து வாயில் உருண்டு வந்ததுதான். ஆக, நம் பாட்டிமாரும் தாத்தாமாரும் பரம்பரையாகப் பரேட்டில் நின்றவர்கள். நேரம் தவறாதவர்கள். ஒழுக்கத்தில் அவர்களுக்கு என்ன குறை? அப்படியிருந்தும் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நாட்டில் வாக்கு இல்லாத காலம் ஒன்று இருந்தது. இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

அப்போது வரலாற்றைச் சொல்லுங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் இருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. பெரட்டில் ஆள் பிரிப்பது போலத்தான், இது நாட்டளவில். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்க வந்த 1986, 1988 சட்டங்களைத் தாண்டி, 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம்தான் 1964இலிருந்து இங்கேயே வாழ்ந்தவர்களையும் அவர்களின் வாரிசுகளையும் பிரஜைகளாக்கியது. உங்கள் அணியிலுள்ள பிள்ளைகள் பிறப்பதற்குச் சில வருடங்கள்தான் முன்பு.

கடமைகளுக்கு 28ஆம் உறுப்புரை இருக்கிறது. அரசியலமைப்பையும் சட்டத்தையும் காத்தல், செய்யும் தொழிலை மனச்சாட்சியோடு செய்தல், பொதுச் சொத்தைப் பாதுகாத்தல், பிறர் உரிமையை மதித்தல், இயற்கையைப் பேணுதல் என்று வரிசையாக வரும். பஸ் சீற்றைக் கிழிப்பதும், லயத்துக்கு மேலேயுள்ள பீலித் தண்ணீரில் குப்பை கொட்டுவதும் எந்தெந்த வரிக்குள் வரும் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். அடுத்த 29ஆம் உறுப்புரையில்தான் உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பதில் ஒளிந்திருக்கிறது: இந்தக் கடமைகளை எந்த நீதிமன்றத்தின் மூலமும் வற்புறுத்த முடியாது. நாட்டின் அதியுயர் சட்டமே தண்டனையைக் காட்டாமல்தான் பிரஜையிடம் கடமையைக் கேட்கிறது.

கடைசியாக ஒரு வீட்டுவேலை கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, அதிலுள்ள பெயரும் பாடசாலைப் பதிவிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிட்டு வரட்டும். தோட்டத்துப் பெயர்கள் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்த் திரும்பும்போது ராமாயி ரமாயாகிவிடும். அடையாள அட்டைக்கு அதிபர் வழியாக விண்ணப்பிக்கும் நேரத்தில் அது தெரியவந்தால் சாதாரண தரப் பரீட்சை நெருக்கத்தில் அலைய வேண்டியிருக்கும். சான்றிதழை அணிக்கு முன்னால் காட்டச் சொல்லாதீர்கள். பன்னிரண்டு பேரில் ஒருவனிடம் அது இல்லாமலே இருக்கலாம். அவன் தலையைக் குனிந்தால் கவனித்துக்கொண்டு, பரேட் கலைந்த பிறகு சேரிடம் மட்டும் சொல்லுங்கள். பிந்திய பிறப்புப் பதிவைப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் செய்யலாம், விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். அம்மா ஒருநாள் பேரை (அன்றைய வேலையையும் சம்பளத்தையும்) விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும், அதனால் எந்தக் கிழமை வசதி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.